ராஜா கண்டுபிடித்த மிருகம்

வளைகுடா நாட்டில், முசஃபாவில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் அருள்ராஜ் ஒரு வெல்டர், நாசரேத் பக்கத்துக்காரன். சாதுவான ஆள்தான். போன வருஷம் அவனுடைய அம்மா இறந்தபோது ஃபோர்மேன் ஜெபசிங் லீவு தரவில்லை. கம்பெனி விடமாட்டேன் என்கிறது என்று கையை விரித்துவிட்டு, அதே வாரம் தன் மச்சானை ஊருக்கு அனுப்பிவைத்தார். அருள்ராஜ் அம்மாவின் அடக்கத்தைப் போனில் பார்த்தான். அன்றிலிருந்து அந்த ஆளைப் பழிவாங்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை. எனக்கும் ஜெபசிங்கைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அவனும் ஜெபசிங்கும் ஒரே சர்ச், ஒரே ஜெபக்குழு. அங்கே வாரம் ஒருவர் வேதத்தை விளக்கிப் பேச வேண்டும். முடிந்ததும் பிரியாணி உண்டு என்பதால், நெற்றியில் திருநீறோடு நானும் போய் உட்காருவேன்.

தன் முறை வந்தபோது அருள்ராஜ் போனில் எதையோ படித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"மணி, சீமையில ஒரு ராஜா இருந்திருக்காரு. வேதத்தோட கடைசிப் பகுதிக்கு அவரே விளக்கம் எழுதியிருக்காரு. உலகம் அழியுமுன்ன வந்து எல்லாரையும் ஆட்டிப்படைக்கிற மிருகம்னு அதுல ஒண்ணு வரும்; அது யாருன்னா, அவரோட எதிராளிதானாம்."

"ராஜா எழுதுனா யாருடா எதுத்துக் கேக்கப் போறா?"

"அவரு எழுதலாம், நான் பேசப்பிடாதோ?"

ஜெபக்குழுவில் அதையே பேசினான். மிருகத்தின் முத்திரை இல்லாதவனால் எதையும் வாங்க முடியாதாம். நம் சைட்டிலும் ஒருவர் கையெழுத்து இல்லாமல் பெற்ற தாயைப் புதைக்கக்கூடப் போக முடியாது என்றான். அந்தக் குழுவில் பேச்சுக்குப் பேச்சு ஆமென் சொல்வது வழக்கம். அன்று எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருக்க, ஜெபசிங் மட்டும் உரக்க ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் வந்து தோளில் தட்டினார்.

"நல்லா சொன்னடே. நம்ம மேனேஜர் ஃபவாஸ் அப்படித்தான்."

"ஃபவாஸ் இல்ல அண்ணாச்சி, நீங்கதான். எங்கம்மா முகத்த நான் பாக்கல."

ஜெபசிங்கின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு வயிறு குளிர்ந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தச் சர்ச்சில் பகையுள்ளவர்கள் கை கொடுத்துச் சமாதானமான பிறகுதான் மாதம் ஒருமுறை ஆராதனையில் தரும் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கலாம். அடுத்த திருவிருந்தன்று ஜெபசிங் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினார். அழுதார். அருள்ராஜ் தன் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். அன்றிலிருந்து மாதாமாதம் இதே கதைதான். அவர் நீட்டுகிறார், இவன் கொடுப்பதில்லை. மற்றவர்கள் எழுந்து முன்னால் போக, இருவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன மாதம் எனக்கே பொறுக்கவில்லை.

"போதும்டா. நீயும்தான எடுக்காமக் கெடக்க. உங்கம்மா இருந்தா இத விரும்புமா?"

"அம்மா ஒரு மாசங்கூட திருவிருந்தத் தவறவிட்டதில்ல மணி" என்றான். "எனக்கும் ஆசைதான். ஆனா நான் கை கொடுத்தா, அவரும் எடுத்துருவாரே."