வின்னிட்சாவிலிருந்து வந்த பிஸ்டல்

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு, பேர்லின் நொய்கெல்னிலிருந்து டிரெஸ்டனுக்குப் புறப்பட்டோம். ஏ-13 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். வான் என்னுடையது. கிழமை நாட்களில் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி ஏற்றுகிற வான் என்பதால் எவ்வளவு கழுவினாலும் கறிவேப்பிலை மணம் போகாது.

பக்கத்து இருக்கையில் ஹலினா. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர். உக்ரைனில் வின்னிட்சா நகரத்தவர். போர் தொடங்கிய பிறகு இங்கே வந்தார். அங்கேயே தங்கிவிட்ட கணவர், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், போன வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். செத்தவீட்டுக்குப் போன ஹலினா வெறுங்கையோடுதான் திரும்பியிருந்தார். இப்போது கணவரின் தம்பி, அண்ணனுடைய சாமான்களை மூன்று பெட்டிகளில் கட்டி, பொதி கொண்டுவரும் ஒரு சாரதியிடம் கொடுத்துவிட்டிருந்தார். சாரதி பேர்லினுக்கு வரமாட்டார், டிரெஸ்டனில்தான் இறக்குவார். மிச்சத் தூரத்துக்கு நான்.

எங்களுக்குள் பேச்சு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில். அவருடைய டொச் சில வருடத்தது, என்னுடையது முப்பது வருடத்தது. இரண்டிலும் இலக்கணம் இல்லை. இங்கே அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு முன்பே டிரெஸ்டன் நொய்ஸ்டாட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தோம். சாரதி பெட்டிகளை இறக்கினார், ஹலினாவை ஒருமுறை கட்டியணைத்தார், லைப்சிக் பக்கம் போய்விட்டார். ஆளுக்கொரு கோப்பி, மூன்று யூரோ அறுபது. அந்த அழகான நகரத்தில் நான் பார்த்தது ரயில் நிலையத்துத் தரிப்பிடமும் எல்பெ ஆற்றின் ஒரு துண்டும்தான்.

திரும்பும் வழியில் ரூலாண்ட் தாண்டியதும் இருபுறமும் பைன் காடு. ஹலினா அடிக்கடி பின்னால் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“சிவா, எங்கயாவது நிப்பாட்டுவீங்களோ? அவற்ற யூனிபோர்மை ஒருக்காப் பாக்கோணும்.”

கடை கண்ணி இல்லாத ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினேன். இரண்டு லொறிகள் நின்றன. பின்கதவைத் திறந்து, அவர் காட்டிய பெட்டியின் ஒட்டுநாடாவை வெட்டினேன். மேலே கருநீலச் சட்டை, தொப்பி. அடியில் துவாயில் சுற்றிய ஏதோ பாரமான பொருள். அவர் அதைப் பிரித்தார்.

கறுப்புப் பிஸ்டல்.

நான் வாய் திறப்பதற்குள் அவருடைய விரல்கள் வேலையை முடித்துவிட்டன. சன்னக்கூடு கழன்றது, மேற்பகுதி பின்னால் போனது, குழலுக்குள் ஒரு பார்வை. இரண்டையும் துவாயில் தனித்தனியாக வைத்தார்.

“சன்னம் இருக்கு,” என்றார்.

நான் கதவைப் பாதி சாத்தினேன். லொறிக்காரர் ஒருவர் பல் விளக்கிக்கொண்டு எங்களைப் பார்ப்பதுபோல இருந்தது.

“விளையாட்டுச் சாமான்தானே, ஹலினா?”

“இல்லை. ரப்பர் சன்னம் சுடுறதும் நாங்கள் செய்தனாங்கள். ஆனா இது பொலிசுக்குக் குடுக்கிறது. ஃபோர்ட்-12.”

“நாங்கள் எண்டால்?”

ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார். அங்கே என்ன செய்தார்கள் என்று நானும் கேட்டதில்லை.

அவர் உடனே கணவரின் தம்பிக்குப் போன் எடுத்தார். உக்ரைன் மொழியில் சத்தம் போட்டார், பிறகு சத்தம் குறைந்தது. வைத்துவிட்டுச் சொன்னார்: “என்ர மனுசன் வேலையில வச்சிருந்ததையே, ஓய்வு பெறேக்க பரிசாக் குடுத்ததாம். நான் தனியா இருக்கிறன் எண்டு, பாதுகாப்புக்குத் தம்பிதான் அனுப்பினவராம். சாரதிக்கு ஒண்டும் தெரியாது.”

இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்போதுதான் குடியுரிமைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டிருந்தேன், முடிவு வரவில்லை. என் பெயரில் உள்ள வானில், அனுமதி இல்லாத துவக்கு, சன்னத்தோடு.

“பொலிசுக்குச் சொல்லுவம்,” என்றேன்.

“வேண்டாம். நான் வச்சிருக்கப் போறன்.”

“ஹலினா, இது ஜேர்மனி.”

“ரயிலில என்ர பாஷையைக் கேட்டிட்டு ஒருத்தன் என்ர சப்பாத்தில துப்பினவன். வீடு வரைக்கும் பின்னால வந்தவன். அப்ப இது ஜேர்மனி இல்லையோ?”

அதுவும் ஜேர்மனிதான். ஆனால் வானை எடுக்க ஏலாது. “இதோட நான் ஓடமாட்டன். உங்களைக் காட்டிக் குடுக்கவும் மாட்டன். நீங்களே முடிவெடுங்கோ,” என்றேன்.

அவர் வானின் விளிம்பில் இருந்துகொண்டு பேசத் தொடங்கினார். நாடு தனியான பிறகும் பொலிசாரிடம் இருந்தது சோவியத் காலத்து மகரோவ்தான், எட்டுச் சன்னம் பிடிக்கிறது. எங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்று செக் நாட்டிலிருந்து அவருடைய தொழிற்சாலைக்கு இயந்திரங்கள் வந்தன. அவற்றில்தான் இது பிறந்தது. மகரோவின் அதே சன்னம், ஆனால் பன்னிரண்டு பிடிக்கும். ஹலினா பொருத்தும் பகுதியில் வேலை செய்தார். “இது என்ர கையால போனதாயும் இருக்கலாம்.”

“உங்கட மனுசன் இதால ஆரையும் சுட்டவரோ?”

“இல்லை. ஒருக்காத்தான் தெருவில நீட்டினவர். குடிவெறியில ஒருத்தன் கோடாலியோட நிண்டவன். அவன் கோடாலியைப் போட்டிட்டான். இவர் வீட்டை வந்து சூப்புக் குடிக்கேலாமக் கரண்டியைக் கீழ வச்சிட்டார்.”

சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். துவாயை மூடிவிட்டு, “பொலிஸ் நம்பர் என்ன, நூற்றிப்பத்துத்தானே?” என்று கேட்டார். அவரே எடுத்தார். சொற்கள் முட்டியபோது நான் வாங்கிச் சொன்னேன்.

வாகனத்தை விட்டு விலகி நில்லுங்கள், எதையும் தொடாதீர்கள், கைகள் தெரியட்டும் என்றது மறுமுனை. புல்தரையில் நின்றோம். குளிர் காற்று. அந்த நேரம் பார்த்து இரண்டு பொலிஸ் கார்கள் நுழைய, என் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. மனைவி வசந்தியாகத்தான் இருக்கும். கையைப் பைக்குள் விட்டால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் படித்த உடம்பு இது. அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. நான் மரம்போல நின்றேன்.

முதலில் இறங்கிய இளம் பொலிஸ்காரி தன் இடுப்பு உறையில் கையை வைத்தபடி வந்தார். “எங்கே இருக்கிறது?” ஹலினா வானைக் காட்டினார். “சன்னக்கூட்டை நான் கழட்டினனான். என்ர கைரேகை இருக்கும்,” என்று தானாகவே சொன்னார்.

பிஸ்டலைத் தங்கள் காருக்குள் வைத்த பிறகுதான் போனை எடுக்க விட்டார்கள்.

“எங்கயப்பா நிக்கிறீங்கள்? எத்தினை தரம் அடிக்கிறது!” என்றாள் வசந்தி.

“பொலிசோட நிக்கிறன். ஒண்டும் இல்லை, வந்து சொல்லுறன்.”

“ஒண்டும் இல்லாமப் பொலிசோட ஏன் நிக்கிறீங்கள்?”

பக்கத்துச் சிறு நகரத்துப் பொலிஸ் நிலையத்தில் எங்களைத் தனித்தனியாக விசாரித்தார்கள். ஹலினாவுக்குப் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர். பிற்பகல் மூன்று மணிக்கு விட்டார்கள். நான் சாட்சி மட்டும். அவர்மீது சட்டப்படி ஒரு விசாரணை திறக்கத்தான் வேண்டுமாம். தானே அழைத்துச் சொன்னதால் அது பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அது தெரியவரச் சில மாதங்கள் பிடித்தன. அதுவரை நாளுக்கு இரண்டு தரம் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் அன்ட்ராக்குக்கு இன்னும் பதில் இல்லை.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் இப்படியொன்று அகப்பட்டிருந்தால் யாரும் பொலிசைக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். வளவுக்குள் தாட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்போம். இங்கே கூப்பிட்டோம், “பத்திரமாகப் போங்கள்” என்று அனுப்பிவைத்தார்கள். அப்படியும் லூபெனாவ் தாண்டும் வரை நான் எண்பதுக்கு மேலே ஓடவில்லை.

பேர்லினின் முதல் உயர்ந்த கட்டடங்கள் தெரிந்தன. ஹலினா கேட்டார்:

“சிவா, உங்களுக்கு நேர ஆரும் துவக்கு நீட்டினவையோ?”

“ஓம். எத்தினையோ தரம்.”

“நான் எத்தினையோ துவக்குப் பொருத்தினனான். எல்லாம் அதுக்குப் பின்பக்கம் நிண்டுதான்,” என்றார். “இண்டைக்கு அந்தப் பொலிஸ் பிள்ளை இடுப்பில கை வச்சுக்கொண்டு வரேக்கதான், முதல்தரமா முன்பக்கம் நிண்டன்.”