மாலையில் மஞ்சளாகும் திரை

புதிதாக வாங்கிய கைப்பேசியின் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த வாசனைதான். ஆனால் எனக்கு அது பிடிக்கும். இந்த வயதிலும் பெட்டியை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பேன். போன வாரமும் அப்படித்தான் முகர்ந்துவிட்டு, மருமகள் சுமதியிடம் கொடுத்தேன். எழுத்தளவு, கடவுச்சொல் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"மாமா, கண்ணுக்கு இதமா இருக்கும்னு ஒண்ணு கேக்குது. சாயங்காலம் ஆனா திரை தானா மஞ்சளாயிடும். ஆன் பண்ணிடட்டுமா?"

"வேணாம்மா! அத மட்டும் தொடாத."

நான் கத்தியதில் அவள் கைப்பேசியைக் கீழே போடப் பார்த்தாள். "ஏன் மாமா? தெருவுல அத்தினி பேருக்கும் நீங்கதான இத ஆன் பண்ணிக் குடுத்தீங்க?" என்றாள்.

உண்மைதான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் எனக்கு 'போன் சார்' என்று பெயர். அதற்கு முன்னால் 'ரேடியோ சார்', நடுவில் 'டிவி சார்'. சூடேறிய வால்வின் மேல் தூசி கருகும் வாசனையில் ஆரம்பித்த பைத்தியம் இது. யார் எதை வாங்கினாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். பின்மூடியைக் கழற்றி பேட்டரியை மாற்ற முடிந்த காலத்துக் கைப்பேசிதான் யோக்கியமான கைப்பேசி என்பது என் கட்சி. இயர்போன் செருகும் ஓட்டையை எடுத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பிப்பது என்கிறார்களே, அது நாம் தூங்கும்போது யாரோ வீட்டுக்குள் வந்து பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவது மாதிரி. காலையில் எழுந்து டம்ளரைத் தேட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். நாலு பேர் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

எங்கள் தெருவுக்கென்று வேறொரு வாசனை இருந்தது. சாயம் போடுவதற்கு முன் பச்சைப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது எழும் வாசனை. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அது தசரதனின் சாயப்பட்டறையிலிருந்து வரும். என் வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளி, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அவர் அலசி ஊற்றும் தண்ணீர் என் வாசல் சாக்கடை வழியாகத்தான் போகும். பல் துலக்கும்போதே தெரிந்துவிடும், இன்றைக்கு மயில்கழுத்தா, அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று. "உங்க தண்ணி இன்னிக்கு ரொம்ப சோகமா ஓடுதே தசரதன்" என்பேன். "கருநீலம் சார். மாமியாருக்கு எடுக்கிற புடவ. அப்பிடித்தான் ஓடும்" என்பார்.

தசரதனிடம் ஒரு பழக்கம் உண்டு. நிறம் சொல்கிறவர்கள் அந்த நிறத்தில் ஒரு முழம் நூல் கொடுத்துவிட வேண்டும். நூல் இல்லாமல், வேறு வீட்டில் இருக்கும் புடவையைப் பார்த்துச் சாயம் போட வேண்டுமென்றால், அதை வெகுநேரம் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். எழுந்து பட்டறைக்குப் போகிறவரை யாரிடமும் பேச மாட்டார், எதையும் நிமிர்ந்து பார்க்கவும் மாட்டார். தரையைப் பார்த்தபடியே நடப்பார். வழியில் வேறு நிறம் கண்ணில் பட்டால் கலந்துவிடுமாம். "நவுருங்கபா, தசரதன் கலர் தூக்கினு வராரு" என்று தெருவில் கேலி செய்வார்கள். அவரும் அந்தக் கேலியை ரசிப்பார் என்று நினைக்கிறேன். தன் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அவருடைய கூட்டாளி ஏகாம்பரம், நெசவாளி. இருவருக்கும் சிறு வயதுச் சிநேகம். சில வருஷங்களுக்கு முன்னால் ஏகாம்பரத்தின் மகளுக்கு ஆரணிப் பக்கம் வரன் முடிந்தது. கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் வழக்கம் என்றாலும், பெண்ணின் தகப்பனே நெய்கிறவர் என்பதால், "நீங்களே உங்க கையால நெய்ஞ்சி குடுத்துடுங்க. நெறம் மட்டும் எங்க வீட்டு நெறமா இருக்கட்டும்" என்று சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டார். அவர்கள் வீட்டு மருமகள்கள் எல்லாரும் வெங்காயத் தோல் நிறத்தில்தான் தாலி கட்டிக்கொண்டார்களாம். வெங்காயக் கலரில் பத்து விதம் உண்டு. அவர்களுடைய விதம் எது என்று காட்ட, தன் கல்யாணப் புடவையைப் படம் எடுத்து அனுப்பினார். ஏகாம்பரத்திடம் இருந்தது பொத்தான் கைப்பேசி. அதனால் படம் என் கைப்பேசிக்கு வந்தது.

அந்தச் சாயங்காலம் தசரதன் வந்து என் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார்.

"சார், இதுல காவி அடிக்குதே."

"அவங்க வீட்டு வெங்காயம் அப்பிடி."

"ஆரணியிலேருந்து ஒரு முழம் நூலு வரவழிச்சிடு சார். பஸ்ல குடுத்தா வந்துடும்."

"எந்தக் காலத்துல இருக்கீங்க தசரதன்? இந்தத் திரையில எத்தினி கோடி நிறம் தெரியும் தெரியுமா? உங்க கண்ணுக்குத் தெரியாததுகூட இதுக்குத் தெரியும். இதுல இருக்கிறத அப்பிடியே போடுங்க."

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கைப்பேசி அது. அதன் புகழைப் பாட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்பதைத் தவிர வேறெதுவும் என் மனத்தில் இல்லை. தசரதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடினார். எழுந்து, தரையைப் பார்த்தபடி போனார்.

மறுநாளும் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். பகலில் அவருக்கு வேலை ஒழியாது. சாயம் போட்ட பட்டு நூலைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அச்சு அசலாக இருந்தது. "பிரமாதம்" என்று முதுகில் தட்டினேன்.

அந்தப் பட்டு நூலை ஏகாம்பரம் தறியில் பாவு ஓட்டி, ஜரிகை சேர்த்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்தார். மகளுக்கு என்று நெய்யும்போது அவர் தறியடியில் பேசவே மாட்டார் என்று அவர் மனைவி சிரிப்பார். புடவையைத் தட்டில் வைத்து ஆரணிக்குக் கொண்டுபோனார்கள். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள். சம்பந்தியம்மா தன் புடவையைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "பொண்ணக் கல்யாணத்துக்கு அனுப்புறீங்களா, சந்நியாசத்துக்கா?"

நேராக என் வீட்டுக்கு வந்தார் ஏகாம்பரம். தசரதனையும் கூப்பிட்டனுப்பினார். நல்ல பகல் வெயில். நான் கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்தேன். திரையில் இருந்தது சுத்தமான வெங்காயத் தோல், இளஞ்சிவப்பு. காவியின் சாயல் துளியும் இல்லை. ஏகாம்பரத்தின் மடியில் இருந்த புடவை காய்ந்த செம்மண் மாதிரி கிடந்தது.

"போட்டோ சரியாத்தாண்டா இருக்குது. உங்கண்ணுக்கு இன்னாடா கேடு?" என்றார் ஏகாம்பரம்.

தசரதன் படத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், அன்னிக்கு இப்பிடி இல்லியே. காவி அடிக்குதுன்னு சொன்னேனே. நூலக் கொண்ணாந்து பக்கத்துல வெச்சிக் காமிச்சேனே. சொல்லு சார்."

ஏகாம்பரமும் என் பக்கம் திரும்பினார்.

எனக்கு எல்லாம் நினைவிருந்தது. திரை எப்படி மாறியது என்பது அப்போது எனக்கும் புரியவில்லை, சத்தியமாகப் புரியவில்லை. ஆனால் அவர் சொன்னதும், நான் முதுகில் தட்டியதும் நடந்தவை. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது வேறு வாக்கியம்.

"காட்டினாரு. விளக்கு வெளிச்சத்துல நான் சரியாப் பாக்கல ஏகாம்பரம். அவரு கண்ண நம்பிட்டேன்."

தசரதன் எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கைகளாலும் கண்களைத் தேய்த்துக்கொண்டார். மறுபடி படத்தைப் பார்த்தார். மறுபடி தேய்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தது. யாரும் தொடாமலே திரை மெல்ல மஞ்சளானது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று, வாங்கிய அன்றே என் விரலால் நான் முடுக்கிவைத்த வசதி. வெங்காயத் தோல் என் கண் முன்னாலேயே காவியாக மாறியது. இளஞ்சிவப்பில் இருக்கும் நீலத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியவன் நான்.

எழுந்து நாலைந்து வீடு நடந்திருக்கலாம். கைப்பேசியை இரண்டு பேரிடமும் நீட்டியிருக்கலாம். நான் செய்தது அந்த வசதியை அணைத்தது மட்டும்தான். அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். 'போன் சார்' என்ற பெயர் போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கல்யாணம் நடந்தது, கடையில் வாங்கிய புடவையில். ஏகாம்பரம் தசரதனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. தசரதனுக்கு வேலை கொடுக்க மற்றவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். அவர்தான் வாங்கவில்லை. கெட்டிக் கறுப்பு, கெட்டிச் சிவப்பு என்று சந்தேகத்துக்கு இடமில்லாத நிறங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதையும் விட்டார். "கண்ணு பூடுச்சு சார்" என்று என்னிடமே வந்து சொல்லிவிட்டு, பட்டறையைக் காலி செய்துகொண்டு ஓரிக்கையில் மகள் வீட்டுக்குப் போனார். எதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிற நான், "உடம்பப் பாத்துக்கங்க" என்றேன்.

சுமதி அப்படிக் கேட்டதற்கு மறுநாள், புதுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வா சார், வா. போன் சார் வந்துகிறாரு, டீ போடு" என்று உள்ளே மகளுக்குக் குரல் கொடுத்தார்.

டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படம் மாறியது, நான் பார்த்தது, அணைத்தது, ஏகாம்பரத்திடம் பொய் சொன்னது. அவர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் என் கையைப் பிடித்தார்.

"என்னத் தேத்தணும்னுதான சார் இவ்ளோ தொலைவு வந்துகிறே? படிச்சவங்க படிச்சவங்கதான். பழிய உம்மேல தூக்கிப் போட்டுக்கினு."

"ஐயோ, நெசம் தசரதன். காட்டறேன் பாருங்க."

சிவப்பு வெங்காயத்தின் படம் ஒன்றைத் திரையில் வரவழைத்தேன். அந்த வசதியை முடுக்கினேன், அணைத்தேன், மறுபடி முடுக்கினேன். அவர் கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது சார்" என்றார்.

அப்போதுதான் அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். இரண்டிலும் புரை முற்றியிருந்தது. புரை விழுந்த கண்ணுக்கு உலகமே மஞ்சள் பூத்துத்தான் தெரியும். என் திரை சாயங்காலங்களில் செய்ததை அவர் கண் பகலிலும் செய்துகொண்டிருந்தது. புரையை முன்பே எடுத்திருக்கலாமே என்று மகளைக் கேட்டேன். "எத்தினியோ தபா கூப்ட்டேன் சார். கண்ணு அப்பவே பூடுச்சு, இனிமே போயி இன்னாத்தப் பாக்கன்னு வரமாட்டேன்னுட்டாரு" என்றாள்.

கிளம்பும்போது தசரதன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "சார், எழுத்து பெருசா தெரியற மாதிரி ஒரு போன் வாங்கணும். எத வாங்கலாம், நீயே சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்."

நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. முதலில் கண் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். சிரித்தார். நாளைக்கு மறுபடியும் போய்க் கேட்கப்போகிறேன். ஏகாம்பரம் வீட்டுக்கும் போக வேண்டும். அங்கே என்னை நம்புவார்கள் என்று நினைக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்கு உறையும் கண்ணாடியும் விற்கும் கடை இருக்கிறது. சோப்பும் சோடாவும் வேகும் வாசனை போய்விட்டது. காலையில் பல் துலக்கும்போது இன்னமும் வாசல் சாக்கடையை எட்டிப் பார்க்கிறேன். வெறும் தண்ணீர்தான் ஓடுகிறது.