ஆணியில்லாத அலமாரி

தச்சர் வஹ்தானின் பட்டறையில் ஆணிக்கு இடமில்லை. சுத்தியல் ஒன்று உண்டு. அது ஆப்பைத் தட்டவும் பூனையை விரட்டவும்தான். "ஆணி அடிக்கிறவன் மரத்துக்கிட்ட தோத்துப்போனவன்" என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்வார். பக்கத்துக் கடையில் பாலிஷ் போடுகிற என் காது இதைக் கேட்டுக் கேட்டே புளித்துவிட்டது.

எகிப்தின் கடலோரத்தில் இருக்கிற எங்கள் தும்யாத்தில் ஒரு தெருவே சேர்ந்துதான் ஓர் அலமாரியைச் செய்யும். ஒருவர் சட்டம் கோப்பார், இன்னொருவர் பூவேலை செதுக்குவார், தள்ளுவண்டியில் ஏறி இறங்கிக் கடைசியில் அது என் கடைக்கு வரும். முன்னால் இருப்பவர்கள் செய்த பாவமெல்லாம் பாலிஷ்காரன் தலையில்தான் விடியும். எங்கேயாவது ஒரு சொட்டு வச்சிரப் பசை வழிந்திருந்தால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது, வெளிறிப்போய் நிற்கும். வாங்க வந்தவர் என்னைத்தான் ஏசுவார். வஹ்தான் அனுப்பிய சாமானில் அப்படி ஒரு சொட்டைக்கூட நான் பார்த்ததில்லை. அதற்காகவே அந்த மனிதரின் வாயைப் பொறுத்துக்கொண்டேன்.

மரமண்டிக்கு அவரோடு போவது தனி வேடிக்கை. ஸான் மரப் பலகையை உருவி எடுத்துக் கன்னத்தில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஜில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறதென்று அர்த்தம்.

"என்ன உஸ்தா, பலகையோட நிக்காஹ் பேசுறீங்களா?" என்பான் மண்டிக்காரன்.

"ஈரத்தோட விக்கிற உனக்கு இளிப்பு வேற. இதக் கொண்டுபோய் துணிக்கொடியில போடு, அப்புறம் பேசலாம்."

பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப் பலகை நெடுகத் தடவுவார். பழைய ஆணித்துண்டு ஏதாவது உள்ளே ஒளிந்திருந்தால் இழைப்புளியின் வாய் போய்விடும். காந்தம் 'டக்'கென்று ஒட்டினால் பலகை திரும்பிப் போகும். பென்சிலால் கோடு போடமாட்டார், கத்தி முனையால் கீறுவார். "பென்சில் கோட்டுக்கு ரெண்டு கரை. எந்தக் கரையில அறுப்பே?" என்று என்னைக் கேட்பார், நான் என்னவோ அறுக்கிறவன் மாதிரி.

அவருக்கு ஒரே மகள், நஜ்லா. சீவல் குவியலில் விளையாடி வளர்ந்தவள். அவள் இழைத்த பலகையை நான் பாலிஷ் போட்டிருக்கிறேன், குறை சொல்ல முடியாது. எங்கள் துறைமுகத்தில் வேலை பார்த்த பக்ரி என்ற, தெற்கே வெயில் காய்கிற அஸ்வான் ஊர்க்காரனுக்கு அவளைப் பேசினார்கள். அவன் வேலை மாற்றிக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்புவதாக இருந்தான். நிச்சயத்துக்கு வந்த அவனுடைய தாய் ஹாஜா தவ்ஹீதா, வாசலில் அடுக்கியிருந்த அலமாரிகளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"என் தங்கச்சி வீட்டுலயும் தும்யாத் அலமாரிதான் சம்பந்தி. ஒரு கோடைக்கே அப்பளமா வெடிச்சுப்போச்சு. கடக்காத்துல வளந்தது எங்க ஊரு வெயிலத் தாங்காது." சொல்லிவிட்டு நஜ்லாவை மேலும் கீழும் பார்த்தார். "மரமே தாங்கலன்னா, மத்தது எங்க தாங்கப்போவுது!"

என் வீட்டுக்காரி குலவையிட வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். வஹ்தானின் காது மடல் சிவந்தது.

"ஹாஜா, ஒரு கோடை போகட்டும். என் அலமாரியில எந்தக் கதவு வெடிச்சாலும், நானே வந்து உங்க முத்தத்துல வச்சு அதை வெட்டி உங்க அடுப்புக்குக் குடுக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க என் பொண்ண என்ன வேணா சொல்லுங்க."

தெருவே கேட்க விட்ட சவால் அது. மகள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருப்பதை அலமாரிக் கதவில் கொண்டுபோய் மாட்டிவிட்டார் மனிதர்.

நஜ்லாவின் சீருக்கான அந்த அலமாரியை அவர் செய்த மாதிரி வேறெதையும் செய்து நான் பார்க்கவில்லை. மூன்று கதவு. ஒவ்வொரு கதவுக்கும் நான்கு பக்கச் சட்டம், முனையைக் கழுந்தாகச் செதுக்கித் துளையில் இறக்கி ஆப்பு வைத்து இறுக்கியது. சட்டத்தின் உள்பக்கத்தில் நீளப் பள்ளமாக ஆழமான காடி. நடுப்பலகை அந்தக் காடிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது, வச்சிரம் இல்லை, ஒன்றும் இல்லை.

"மரம் செத்துப்போச்சுன்னு நெனைக்காதே. இங்க ஊதும், அங்க சுருங்கும். போக வர இடம் விட்டாச்சுன்னா அது பாட்டுக்கு இருக்கும். கட்டிப்போட்டா கிழிச்சுக்கிட்டு வரும்" என்றார்.

பலகையைச் சட்டத்தில் மாட்டும் முன்பே ஓரம்வரை பாலிஷ் போட்டுத் தரச் சொன்னார். காடிக்குள் மறையப்போகிற ஓரத்துக்கு எதற்கையா பாலிஷ் என்று நான் கத்தினேன்.

"அங்க போய் பலகை சுருங்குறப்ப ஓரம் வெளிய எட்டிப்பாக்கும். அது வெள்ளையா பல்லக் காட்டினா யாரை ஏசுவாங்க? உன்னையத்தான்."

ஓரம்வரை போட்டுக் கொடுத்தேன். கீறல் விழுந்தால் அடைக்க அதே நிறத்தில் ஒரு மெழுகுக் குச்சியும் செய்து நஜ்லாவின் பெட்டியில் வைத்தேன்.

கல்யாணச் சீர் கிளம்பிய நாளில் திறந்த லாரியில் அலமாரி நடுநாயகமாக நிற்க, கொட்டும் குலவையுமாகத் தெருவைச் சுற்றி வந்தோம். வழியில் நின்றவர்கள் லாரியில் ஏறிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். மூன்று கதவும் சத்தமில்லாமல் மூடின.

குளிர்காலம் போனது, கோடையும் போனது. இலையுதிர் காலத்தில் பக்ரி போனில் கூப்பிட்டான். இழுத்து இழுத்துப் பேசினான். இரண்டு கதவு மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டதாம்.

வஹ்தான் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாய்யா ஷிஹாத்தா, அஸ்வான் போலாம்."

"எதுக்கு? வெட்டுறதுக்கு பாலிஷ்காரன் வேணுமா?"

"வெட்டுனா, வேற செய்ய வேணாமா?"

ரயிலில் அவர் நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் பொட்டுத் தூக்கமில்லை.

ஹாஜா வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோடாரி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வஹ்தான் எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு, அலமாரியைப் பார்க்க வேண்டுமென்று உள்ளே போனார். நானும் போனேன். நஜ்லா சுவரோரம் நின்றாள். இளைத்திருந்தாள்.

இரண்டு கதவின் பலகையிலும் நீள நெடுகப் பிளவு. மூன்றாவது, மூலையில் இருக்கும் கதவு, பழுதில்லாமல் இருந்தது. அதன் பலகையும் சுருங்கித்தான் இருந்தது. எட்டிப்பார்த்த ஓரம் நான் போட்ட பாலிஷோடு மினுங்கியது. வெள்ளைக் கோடு ஒன்றுகூட இல்லை. அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வஹ்தான் நல்ல கதவைத் தட்டிப் பார்த்தார், பலகை கடகடவென்று ஆடியது. வெடித்த கதவைத் தட்டினார், ஆடவில்லை. புருவம் சுருங்கியது. இடுப்புப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்து மெல்லக் கீழே இழுத்தார்.

டக்.

இன்னும் கொஞ்சம் இழுத்தார். டக். மறு ஓரத்திலும் டக். கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மண்டையில்லாத ஆணி, மேலே என் மெழுகு.

"நான்தான் வாப்பா" என்றாள் நஜ்லா. குரல் வெளியே போகாமல் பேசினாள். "வந்து கொஞ்ச நாள்லயே பலகை சுருங்கி ஆட ஆரம்பிச்சிருச்சு. மாமி திறக்கிறப்பெல்லாம் 'உன் வாப்பா செஞ்ச கதவு இருமுது பாரு'ன்னாங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ஆட்டிக் காட்டுனாங்க. மூலைக் கதவ யாரும் தொடல, அத விட்டுட்டேன். இந்த ரெண்டையும்... தெரியும் வாப்பா, அடிக்கக் கூடாதுன்னு. ஆனாலும் பொறுக்க முடியல."

வஹ்தான் விரல் நுனியால் மெழுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் மூடியிருக்கே. ஷிஹாத்தாவுக்கே தெரியல" என்றார் கடைசியில்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "யோவ், காந்தத்த எடுத்துக்கிட்டு வெளிய வாரும். எல்லார் முன்னாலயும் ஒட்டவச்சுக் காட்டும். உம்ம பேரு மிஞ்சிரும்."

"பேரு எங்கூட ஊருக்கு வந்துரும். இவ இங்கதானே இருக்கணும்?"

காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு கதவையும் கழற்றித் தோளில் ஏற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்தார்.

"ஹாஜா, சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆடுற கதவு செஞ்சது நான். அது என் குறை." கோடாரியை ஓங்கினார்.

தன் கையால் கோத்த கழுந்தைத் தானே பிளக்கிற மனிதனைப் பார்க்கக் கூடாது. சட்டம் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை, மூட்டுகள் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தன. சிரிக்கத் தயாராக வந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஹாஜா தவ்ஹீதா துண்டுகளைப் பொறுக்கி ரொட்டி அடுப்படிக்கு எடுத்துப்போனார்.

மறுநாள் அஸ்வான் மண்டியிலேயே காய்ந்து கிடந்த பலகை வாங்கினோம். முற்றத்தில் வேலை தொடங்கியது. வஹ்தான் இழைப்புளியை எடுத்து நஜ்லாவிடம் நீட்டினார். மருமகள் முற்றத்தில் நின்று மரம் இழைப்பதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. அவர் துளை எடுத்தார், அவள் பலகையை மட்டம் பார்த்தாள்.

"மேல நடுவுல சட்டத்தோட சேத்து ஒரு மரக்குச்சி, கீழ நடுவுல ஒண்ணு. அவ்வளவுதான்" என்றார் அவளிடம். "நடு நகராது. ரெண்டு ஓரமும் அது இஷ்டத்துக்குச் சுருங்கும். ஆடவும் ஆடாது, வெடிக்கவும் வெடிக்காது. இது எனக்குத் தெரியாததில்ல. எதையுமே அடிக்காம செஞ்சேன்னு பீத்திக்கணும்னு குச்சியையும் விட்டுட்டேன். சாமான் செய்யிறப்ப வீம்பு கூடாது."

அப்போது ஹாஜா அடுப்படியிலிருந்து வந்தார். கையெல்லாம் சாம்பல். உள்ளங்கையைத் திறந்து வஹ்தான் முன்னால் நீட்டினார். கருகிய ஆணிகள்.

"ரொட்டி போட அடுப்பக் கூட்டினேன். 'என் பட்டறையில ஆணியே இல்ல'ன்னு ஊரெல்லாம் சொல்றவராச்சே. இது எங்கேருந்து வந்துச்சு சம்பந்தி?"

வஹ்தான் உளியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "மரத்துக்குள்ளயே இருந்திருக்கும்."

மண்டியில் ஒரு துருப்பிடித்த ஆணிக்காகப் பலகையைத் திருப்பிக் கொடுக்கிற மனிதர் சொன்ன பொய்!

நஜ்லா இழைப்புளியைக் கீழே வைத்தாள்.

"நான் அடிச்சது மாமி. கதவு இருமுதுன்னு சொன்னீங்கள்ல. அதான் அதோட வாய அடைச்சேன்."

ஹாஜா ஆணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பி, மூலையில் தனியாக நின்ற அந்த நல்ல கதவைப் பார்த்தார். கோடை முழுவதும் அதே அறையில், அதே வெயிலில் இருந்த கதவு. வஹ்தானைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க மரம் எங்க வெயிலத் தாங்கிருச்சு சம்பந்தி. என் வாயத்தான் தாங்கல."

ஆணிகளைக் கிணற்றுப் பக்கம் வீசியெறிந்தார். கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, நஜ்லா இழைத்துக்கொண்டிருந்த பலகையின் மறுமுனை நகராதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இழை, தாயி" என்றார்.