நூறு அடிச் சுருளும் நாற்பது பேர் இழுத்த வலையும்

புதன்கிழமை, காலை ஐந்தரை மணி. சுபஹுத் தொழுகையை நிறைவேற்றிக்கொண்டு காத்தான்குடிச் சந்தியில் கல்முனை பஸ்ஸில் ஏறினேன். இருபத்திரண்டு மைல், கட்டணம் எண்பது சதம். மடியில் ஒரு தோற்பெட்டி. அதனுள்ளே சாவி முறுக்கி ஓட்டும் சினிமாக் கமெரா ஒன்றும், நூறு அடிச் சுருள்கள் இரண்டும் இருந்தன.

"மாஸ்டர், பெட்டிய மேல வைங்களன். என்ன, கோழியா வெச்சித் தடவுறீங்க?" என்றார் சாரதி.

"கமெரா, மகன். அசையிற படம் புடிக்கிறது."

சாரதி வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். "சினிமாவா! இந்த வயசில யாரக் கதாநாயகனாப் போடப்போறீங்க?"

"கரைவலை இழுக்கிறவங்கள."

பஸ் முழுவதும் சிரித்தது. அவர்கள்மேல் பிழையில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நபிபெருமானாரைப் போற்றும் பழம் பாக்களை ஓதுவதும் ஓதுவிப்பதும் அல்லாமல் வேறு கலை அறியேன். சென்ற ஆண்டு மட்டக்களப்பில் கல்லோயா அணைக்கட்டைப் பற்றிய செய்திப்படம் ஒன்றைக் கண்டேன். பெரும் பெரும் இயந்திரங்கள் மலையைப் பெயர்த்தன. ஆனால் இக்கரையில் வாழும் மனிதர் ஒருவர்கூட அதில் இல்லை. அன்று மனத்தில் விழுந்த பொறி அணையவேயில்லை. கொழும்பில் ஒரு திரைப்படச் சங்கத்துக்கு ஏழு கடிதங்கள் எழுதினேன். பயிற்சி பெறாதவரிடம் கருவியைக் கொடுப்பதில்லை என்று ஆறு கடிதங்களுக்குப் பதில் வந்தது. ஏழாவதற்குக் கமெராவே வந்தது, ஒரு நிபந்தனையோடு: இரண்டு சுருளும் சனிக்கிழமைக்குள் திரும்பி வரவேண்டும், பார்க்கத் தக்கதாக இருந்தால் இக்கரை முழுவதையும் படமாக்கும் பணி எனக்கு, இல்லையேல் இத்தோடு முடிந்தது.

ஏழு மணி. கல்முனையில் இறங்கி, தெற்கே இரண்டு மைல் மாட்டு வண்டியில் சென்று சாய்ந்தமருதுக் கடற்கரையை அடைந்தேன். வலை கடலில் வளைந்து கிடந்தது. கரையில் இரண்டு வரிசையாக நாற்பது பேர் கயிற்றைப் பற்றி நின்றனர். வலைத் தலைவர் உதுமாலெவ்வை காக்கா என்னை ஸலாம் சொல்லி வரவேற்றார்.

கருவியின் சாவியை ஒருமுறை முறுக்கினால் ஏறத்தாழ அரை நிமிடம் ஓடும். ஒரு சுருளுக்கு ஆறு முறுக்கு. கண்ணைக் கமெராவில் பதித்துவிட்டால் கடிகாரம் பார்க்க முடியாது. எனவே நான் ஒரு விருத்தத்தை மனத்துக்குள் ஓதுவேன். நான்காம் அடி முடியும்போது முறுக்கும் முடிந்துவிடும். வீட்டில் பலமுறை ஒத்திகை பார்த்த கணக்கு அது.

பொத்தானை அழுத்தினேன். நாற்பது பேரும் கயிற்றைக் கீழே போட்டார்கள். சட்டைப் பொத்தான்களை மாட்டினார்கள், தொப்பியை நேராக்கினார்கள், என்னை நோக்கி நிமிர்ந்து நின்றார்கள்.

"மூச்சு விடாதீங்கடா! மாஸ்டர் படம் எடுக்கிறார்!" என்று அதட்டினார் உதுமாலெவ்வை காக்கா. அவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்.

இவ்வூரார் கமெராவின் முன் நின்றதெல்லாம் ஹஜ்ஜுப் பயணத்துக் கடவுச்சீட்டுக்காகத்தான். அசைந்தால் படம் பழுது, படம் பழுதானால் மக்கா இல்லை. அந்த அச்சம் அவர்களுக்கு எலும்புவரை ஊறியிருந்தது. என் பிழையோ வேறு. ஓதத் தொடங்கிய பாவை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான்கு அடியும் முடியும்வரை, நாற்பது சிலைகளின்மேல் சுருளை ஓட்டினேன்.

"அசையுங்க! இழுங்க!" என்று கூவினேன். உடனே கயிற்றை எடுத்தார்கள், இழுப்பவர்கள் போலவே காலை ஊன்றிச் சாய்ந்தார்கள், அப்படியே உறைந்தார்கள். இப்போதாவது அசைவார்கள் என்ற நம்பிக்கையில் மீண்டும் முறுக்கினேன். ஆறாம் விருத்தத்தோடு முதற் சுருள் தீர்ந்தது. தளர்ந்த வலையின் அடிவழியே மீனும் போய்விட்டது.

"என்ன காக்கா, இப்பிடி நிண்டுட்டீங்களே!"

"நீங்க படம் எண்டு செல்லித்தானே நிண்டம்!" என்றார் அவர். பிறகு கரையேறிய வெறும் வலையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, மாஸ்டருக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல. நாளைக் காலையில வாங்க. அத விட்டா வெள்ளி. வெள்ளிக்கிழம நாங்க வலை போடமாட்டம்."

பிற்பகல் இரண்டு மணி. மருதமுனையில் என் தங்கை மகன் காசிமின் வீட்டுக்குச் சென்றேன். கைத்தறியில் சாரம் நெய்பவர் அவர். மனம் சோர்ந்து தறியின் அருகே அமர்ந்தேன். சுருள் இல்லாத கமெராவைக் கண்ணில் வைத்து அவரை நோக்கினேன். நூல் சுமந்த நாடா இடமும் வலமும் பறந்தது, அவர் நிமிரவேயில்லை.

"காசிம், நான் இஞ்ச கமெராவோட இருக்கிறது வெளங்கல்லியா?"

"ஓம் மாமா, கண்டன். கரை போட இழை எண்ணிக்கிட்டிருக்கன். எண்ணிக்கையில இருக்கக்குள்ள வாசல்ல ராசாவே வந்தாலும் நிமிரமாட்டன்." சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் கதைக்காம இருங்களன். மறுகா பிழைச்சுப் போகும்" என்றார்.

அந்தச் சொல் என்னை எழுப்பிவிட்டது. கணக்கில் கட்டுண்ட கைக்குக் கமெரா ஒரு பொருட்டில்லை. தறிக்கு இழை, வலைக்கு எது? இழுவைப் பாட்டு. ஒருவர் அடியெடுக்க, மற்றவர் எதிரொலிப்பர். எதிரொலிக்கும் தருணத்தில்தான் கை இழுக்கும். என் கமெரா ஓடிய அன்று காலை அவர்கள் பாடவில்லை. படம் எடுக்கும்போது வாய் திறக்கலாகாது என்று எண்ணியிருந்தார்கள்.

வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கையிலிருந்தது ஒரே சுருள். உதுமாலெவ்வை காக்காவிடம் சென்று கேட்டேன்: "இண்டைக்கு அடி நான் எடுக்கட்டா?"

"மாஸ்டர், இது பள்ளியில ஓதுற மாதிரியில்ல. அடி பிசகினா நாற்பது பேரும் குப்புற விழுவாங்க."

"விழுந்தா அதையும் படம் எடுக்கிறன்."

கயிற்றில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். "எடுக்கட்டும் காக்கா! மாஸ்டர்ர குரலப் பாப்பம்!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு நீரில் இறங்கினேன். இறைவனின் திருப்பெயரைச் சொல்லிப் பொத்தானை அழுத்தி, அதுவரை மனத்துக்குள் ஓதிய விருத்தத்தை வாய்விட்டு, இழுவையின் தாளத்தில் பிரித்துப் பாடினேன். முதல் அடிக்கு எதிரொலி தயங்கி வந்தது. இரண்டாம் அடிக்கு நாற்பது குரலும் சேர்ந்து "யா அல்லாஹ்" என்று எழுந்தன. நாற்பது முதுகும் சேர்ந்து வளைந்தன. மூன்றாம் அடியில் ஒரு பயல்கூட என்னைப் பார்க்கவில்லை. நான்காம் அடியில் பார்த்துவிட்ட ஒருவன் தாளம் தவறினான். "கமெராவப் பாத்தியா, கயித்தப் பாருடா மாப்பிள!" என்று பின்னாலிருந்தவர் அவன் முதுகில் தட்டினார்.

விருத்தம் முடிய, முறுக்கும் முடிந்தது. பாட்டோ நிற்கலாகாது, எதிரொலியை அவர்கள் இருமுறை சொல்லும் இடைவெளியில் சாவியை முறுக்கிக்கொண்டு அடுத்த பாவைத் தொடங்கினேன். பாதங்கள் மணலில் புதைவதை எடுத்தேன். கயிற்றிலிருந்து நீர் பிழியப்படுவதை எடுத்தேன். அலை என் மார்பளவு வந்தபோது கமெராவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டேன், பாட்டை விடவில்லை. ஆறாம் விருத்தத்தின் கடைசி அடியில் வலையின் மடி கரையேறியது. கீரி, சூடை, பாரை மீன்கள் வெள்ளியாய்த் துள்ளின. சுருள் தீர்ந்த ஓசை உள்ளங்கையில் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ்!

"மாஸ்டர், நாளைக்கு மறுநாளும் வருவீங்களா?" என்றார் உதுமாலெவ்வை காக்கா, மீனைப் பார்த்தபடி. "கமெரா இல்லாட்டியும் பறவாயில்ல."

அன்றே இரண்டு சுருளையும் கொழும்புக்குத் தபாலில் சேர்த்தேன். ஐந்து வாரம் சென்று சங்கத்தின் தந்தி வந்தது. பத்துப் புதிய சுருள்கள் அனுப்பியிருக்கிறார்கள், கமெரா என்னிடமே இருக்கும், பணியும் எனக்கே. முதற் சுருளை எறிந்துவிடாமல் படத்தின் தொடக்கத்தில் வைக்கும்படியும் எழுதியிருந்தார்கள்.

அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை, சங்கத்தார் கழுவி அனுப்பிய அவ்விரு சுருளோடும் இரவல் வாங்கிய படங்காட்டும் கருவியோடும் அதே பஸ்ஸில் சென்றேன். இம்முறை பெட்டியைத் தம் இருக்கைக்கு அருகில் வைக்கச் சொன்னார் சாரதி. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின், சாய்ந்தமருதின் அரிசி ஆலைக் களஞ்சியத்தின் கதவுகளைச் சாத்தி, ஆலையின் மின்சாரத்தில் படத்தை ஓட்டினோம். திரையாகக் காசிம் நெய்த வெள்ளைத் துணி தொங்கியது. ஆண்கள் இப்பக்கம், பெண்கள் துணிக்கு அப்பக்கம். அவர்களுக்கு வலை எதிர்த்திசையிலிருந்து வந்தது.

நாற்பது சிலைகளைக் கண்டதும் அப்பக்கத்திலிருந்துதான் முதற் சிரிப்பு எழுந்தது. "எங்கட வாப்பாக்குக் கண் சிமிட்டவும் தெரியல்ல!" என்றது ஒரு பெண்குரல். களஞ்சியமே குலுங்கியது. பின் இரண்டாம் சுருள் தொடங்கியது. சிரிப்பு அடங்கியது. சத்தமில்லாத படம், முதுகுகள் வளைந்தன, நிமிர்ந்தன. இருளில் யாரோ ஒருவர் மெதுவாக "யா அல்லாஹ்" என்றார். அடுத்த வளைவில் பத்துப் பேர். அதற்கடுத்ததில் நாற்பது பேரும். என் குரல் தானாக எழுந்து அடியெடுத்தது. திரையில் கைகள் இழுத்த அதே கணத்தில் அவர்களின் எதிரொலி விழுந்தது, ஓரிழை பிசகாமல்.

அன்று மாலை பஸ்ஸில் வடக்கே திரும்பினேன். என் ஊரில் நான் ஓதினால் பெரியோர் கண்மூடித் தலையசைப்பார்கள்; அதுவே போதுமென்று முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தேன். சாய்ந்தமருதில் அதே பாக்களைக் கேட்டவர்கள் கடலிலிருந்து ஒரு வலையை இழுத்துக் கரையில் போட்டார்கள். மடியிலிருந்த பெட்டியில் பத்துச் சுருள்கள் கனத்தன. அறுபது விருத்தம். எவற்றை ஓதுவதென்று களுவாஞ்சிகுடி தாண்டுமுன்பே எண்ணத் தொடங்கினேன்.