ஒரு கண்ணாடிக்காக நின்ற கை

நான் சோஹாரில் ஒரு ஓமானி வீட்டில் டிரைவர். என் முதலாளி, இளவயதில் ஆசையாக வாங்கிய இரண்டு கதவு அமெரிக்கக் காரை விற்க முடிவு செய்தார். ஐம்பது வருடக் கார், ஒரு கீறல் கிடையாது. "கண்ணாடி உடைந்தால் வேறு கிடைக்காது" என்று எப்போதும் எச்சரிப்பார்.

ஜூன் மாத நண்பகலில் ஒரு தமிழ்க் குடும்பம் கார் பார்க்க வந்தது. சாவியைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர்களின் நான்கு வயது மகள் காரில் ஏறி, கதவைச் சாத்தி, பூட்டையும் அழுத்திவிட்டாள். மறுபக்கக் கதவு ஏற்கெனவே பூட்டியிருந்தது. திறக்கத் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதாள்.

"அண்ணே, கண்ணாடிய ஒடைங்கண்ணே!" என்று தாய் கதறினார். என் கையில் ஸ்பேனர் இருந்தது. நானோ முதலாளிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். குழந்தையின் அழுகை அடங்கிக்கொண்டே வந்தது. என் கை எழவேயில்லை.

தாயே ஸ்பேனரைப் பிடுங்கி கதவுக் கண்ணாடியை உடைத்தார். வேர்த்துத் துவண்டிருந்த குழந்தை, தண்ணீர் கொடுத்ததும் கண் திறந்தாள்.

வீட்டுக்குள் மதியத் தூக்கத்தில் இருந்து, சத்தம் கேட்டு எழுந்து ஓடிவந்த முதலாளி இந்தியில் கேட்டது ஒன்றுதான்: "நீ ஏன் உடைக்கவில்லை?"

இப்போதெல்லாம் எந்தக் காரின் சாவியும் என் சட்டைப் பையில்தான் இருக்கும்.