முகூர்த்தப் பட்டும் மாணிக்கம் அண்ணனும்

மகளுக்கு சூப்பர் மார்க்கெட்டில் மேலாளர் வேலை கிடைத்திருக்கிறது. நேற்று அடுப்படிக்கு வந்து, செல்போனில் அனுப்பியிருந்த பொறுப்புகளை வாய்ப்பாடு மாதிரி வாசித்துக் காட்டினாள். சரக்கு இருப்பு, விற்பனை இலக்கு, வாடிக்கையாளர் புகார், பணியாளர் ஒழுங்கு. கடைசியைக் கேட்டதும் புளியைக் கரைத்தபடியே சிரித்துவிட்டேன். முறைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு மாணிக்கம் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. காரைக்குடியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் மேனேஜர். அந்தக் கடையில் பணியாளர் ஒழுங்கு என்றால் ஒன்றுதான்: சேலை விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. முதலாளி மாடியறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது அலமாரியில் சாய்ந்தால்கூட மணி அடிப்பார். மாணிக்கம் அண்ணன் ஓடிவந்து எங்களைச் சத்தம் போடுவார். புதுத்துணிக் கஞ்சி வாசனை எங்கே அடித்தாலும் இன்றும் எனக்குக் குதிகால் வலிக்கிறது.

அங்கே நிற்கும்போதுதான் உண்டானேன். ஐந்தாம் மாதமே கால் வீங்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. முதலாளியோ, "பிள்ளையப் பெத்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். பெற்றுவிட்டுப் போனால் என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அது எல்லோருக்கும் தெரியும்.

காலையில் யார் எந்தப் பிரிவு என்று சொல்வது மேனேஜர் பொறுப்பு. மறுநாளும் நான் போய் நிற்க, அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "ஏத்தா, நீ பட்டுக்குப் போ" என்றார். பட்டுப் பிரிவில்தான் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை உண்டு. வாங்குகிறவர், விற்கிறவர் எல்லோரும் சம்மணம் போட்டு உட்காரலாம். பழம் தின்று கொட்டை போட்ட விற்பனைக்காரர்களின் இடம் அது. எனக்கோ காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் வித்தியாசம் தெரியாது.

முதலாளி இறங்கி வந்துவிட்டார். மாணிக்கம் அண்ணன் கூசாமல் ஒரு போடு போட்டார்.

"முகூர்த்தப் பட்ட புள்ளத்தாச்சி கையால வாங்குனா சீக்கிரம் தொட்டில் ஆடும்பாகல்ல மொதலாளி? நம்ம கடையில இருக்குன்னு தெரிஞ்சா கண்டனூர்ல இருந்தெல்லாம் வருவாக."

அப்படி ஒரு பழக்கத்தை நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கமோ என்னவோ, முதலாளி தலையாட்டினார்.

வந்தார்களே! கண்டனூர் ஆச்சி ஒருவர் வாசலிலேயே, "எங்க அந்தப் புள்ள? அது கையால குடுக்கச் சொல்லுங்க" என்றார். சரிகையும் விலையும் மாணிக்கம் அண்ணன் பேசுவார். நான் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். எட்டாம் மாதம் வரை மகாராணி மாதிரி இருந்தேன். இன்று பொறுப்பு வாசிக்கிறவளும் வயிற்றுக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தவள்தான். பிரசவத்துக்கு நான் போனதும் முதலாளியே, "அடுத்து யாரு முழுகாம இருக்கா?" என்று விசாரித்தாராம். அதற்கப்புறம் அந்தக் கடையில் பிள்ளை உண்டானதற்காக யாரும் வேலை இழக்கவில்லை.

போன தை மாதம் நாத்தனார் மகளுக்குச் சேலை எடுக்க அங்கே போனேன். முதலாளி மகன் காலத்தில் கடையை இடித்து அடுக்கு அடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் கும்பிட்டபடி "வாங்க, வாங்க" என்று நின்றவர் மாணிக்கம் அண்ணன். எழுபதைத் தாண்டியிருக்கும்.

"என்னண்ணே, நீங்க இங்க நிக்கிறீக?"

"மேனேஜர் வேலைக்குக் கம்ப்யூட்டர் படிச்ச தம்பி வந்துருக்குத்தா. பட்டு மூணாவது மாடி. மெத்தையெல்லாம் எடுத்துட்டாக, கண்ணாடி மேசதான். ஆனா புள்ளைகளுக்கு ஸ்டூல் போட்டாச்சு, சட்டமாம்ல" என்றார். அதைச் சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்தது.

"உங்களுக்கு ஒண்ணு போடச் சொல்லக் கூடாதா?"

"வாசல்ல நிக்கிறவன் உக்காந்தா வர்றவுகளுக்கு மரியாதையா இருக்குமாத்தா?" என்று சிரித்தார். அதற்குள் ஒரு கார் வந்து நிற்க, கும்பிட்டுக்கொண்டே போய்விட்டார்.

அவருக்காக ஒரு பொய் சொல்ல அந்தக் கடையில் இப்போது யாரும் இல்லை.