வேலைநிறுத்தத்தில் வந்த இடுப்பு வலி

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் நர்சாக இருந்த காலம். நடவு தொடங்கிவிட்டால் பாதிப் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நட்டால் வேறென்ன ஆகும்? தைலத்தைக் கொடுத்து, "இன்னைக்கு ஒரு நாள் படுத்துக்க" என்று அனுப்பிவிடுவேன். பத்து வருஷ சர்வீஸ். முகத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவேன் என்ற மிதப்பு வேறு.

கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் ஊரில் கூலி நெல் அளக்கும் மரக்கால் மாறவில்லை. அந்த வருஷம் சம்பா நடவில் வேலைநிறுத்தம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, பெண்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். எட்டு நாளாக ஒருவரும் வயலில் இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் மல்லிகா வந்தாள். தலைப்பிரசவம், ஏழு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"இடுப்பு விட்டு விட்டு வலிக்குதுங்க நர்சம்மா. அடிவயிறு கீழ இழுக்குது."

துணைக்கு வந்தவள் அஞ்சலை. மல்லிகாவோடு ஒரே வரிசையில் நடவு நடுபவள். என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் என்னைவிட நீளம். நான் பழக்க தோஷத்தில் தைலத்தை எடுத்தேன்.

"நடவு வலிதான். போய்ப் படு."

மல்லிகா எழுந்துவிட்டாள். அஞ்சலை அசையவில்லை.

"ஏங்க நர்சம்மா, எட்டு நாளா நாங்க ஒருத்தரும் குனியலயே. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு நடவு வலி?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, பொய் சொல்வானேன். அவள் விடவில்லை.

"விடியக்காலையிலேருந்து இவ பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். பேசிக்கிட்டே இருக்கா, திடீர்னு பேச்சு நின்னுடுது. கொஞ்ச நேரத்துல மறுபடி பேசுறா. ஈரம் வேற படுதாம். உங்ககிட்ட சொல்ல வெக்கப்படுறா."

மல்லிகாவைப் படுக்க வைத்து வயிற்றில் கையை வைத்தேன். கல்லாக இறுகியது, தளர்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்குள் மறுபடி இறுகியது. அடுத்ததும் அப்படியே. அடக் கடவுளே, இது பிரசவ வலி! அந்தக் காலத்தில் இத்தனை சீக்கிரம் பிறக்கும் பிள்ளை பிழைப்பது அபூர்வம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

ரோடு மறிப்பில் பஸ் வராது. ஊரில் கார் இருந்தது மிராசுதார் வீட்டில் மட்டும். அங்கே போய் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கும்போதே அஞ்சலை அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"கூலிக்குத்தாங்க உங்களோட சண்டை. அது நாளைக்கும் இருக்கும். இப்ப மல்லிகாவுக்குக் காரைக் குடுங்க."

மிராசுதார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார்.

ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் காரைப் பார்த்ததும் கூச்சல் போட்டார்கள். எங்களோடு வந்த அஞ்சலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உள்ள மல்லிகா இருக்கா, வழி விடுங்கடி!" என்று கத்தினாள். விட்டார்கள். அவள் அங்கேயே இறங்கி, அவர்களோடு உட்கார்ந்து கோஷம் போட ஆரம்பித்துவிட்டாள். என்ன மனுஷி! எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் படுக்க வைத்ததில் வலி அடங்கியது. மாதம் நிறையும் சமயத்தில்தான் மல்லிகா பெண் குழந்தை பெற்றாள், நல்ல எடையோடு.

"வெரி குட் சிஸ்டர், சரியான நேரத்துல கண்டுபுடிச்சீங்க" என்று டாக்டர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

புதிதாக வேலைக்கு வரும் சிஸ்டர்களுக்கு ஒன்று சொல்வேன். மாதம் நிறையுமுன் இடுப்பு வலி, விட்டு விட்டு வயிறு இறுகுவது, அடிவயிற்றில் அழுத்தம், நீரோ ரத்தமோ படுவது, இதில் ஒன்று இருந்தாலும் வேலை அலுப்பு என்று அனுப்பிவிடாதீர்கள். கூட வந்தவள் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள். அன்று டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்: கண்டுபிடித்தது நான் இல்லை, அஞ்சலை.